பிளக்கில் வெள்ளிப் பொடி: அவுட்போர்டு கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டும் என்ஜின். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் எல்லாம் 80 ஆக இருந்தது. எடுத்துவிட்டு 76 போட்டேன். ஃபுல் த்ராட்டிலில் 200 ஆர்பிஎம் கூடியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஐந்து நல்ல பழுப்பு. இரண்டாவது சிலிண்டர் பிளக்கில் மட்டும் பீங்கான் மேல் வெள்ளிப் பொடி தூவியதுபோல் இருக்கிறது. இன்னும் ஒரு படி குறைத்து 74 போடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. 74 மட்டுமல்ல, 76-ஐ வைத்துக்கொண்டு இனி ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த வெள்ளிப் பொடி உங்கள் பிஸ்டன். அதன் தலையிலிருந்து உருகிய அலுமினியம் பிளக்கில் போய் ஒட்டியிருக்கிறது.

200 ஆர்பிஎம் கூடியதே என்பீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது கணக்கு. ஆனால் முழு இழுவை கிடைப்பது ஏறக்குறைய 12.5 முதல் 13 வரைதான். அந்தக் கூடுதல் பெட்ரோல் வீணில்லை, பிஸ்டனைக் குளிர வைப்பதும் அதுதான். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருந்த என்ஜினை லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம், கொண்டுபோகப் போக ஆர்பிஎம் ஏறிக்கொண்டே வரும், சத்தம் கூர்மையாகும், படகு பறக்கும். உருகுவதற்கு முந்தைய நிமிடம் வரை அப்படித்தான் ஓடும்.

என் மேஜையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. 30 வருடங்களுக்கு முன் நானே கெடுத்தது. வெயில் உச்சியில் ஜெட் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலைக் குளிரில் அதே ஜெட்டோடு ஃபுல் த்ராட்டில் பிடித்தேன். அந்த என்ஜின் அவ்வளவு நன்றாக அதற்கு முன் ஓடியதில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது, ஒரு சிலிண்டர் செத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத்து ஓரம் மெழுகு வழிந்ததுபோல் ரிங் வரை இறங்கியிருந்தது. விரலை வைத்தால் இன்றும் அந்தக் குழி தெரியும்.

அன்று நடந்தது இதுதான். 35 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தியாகிறது. கார்புரேட்டர் அதற்கு ஈடாகப் பெட்ரோல் விடாது, பாதிதான் ஈடுகட்டும். ஆக, எதையும் தொடாமலேயே மிக்சர், அதாவது காற்று-பெட்ரோல் கலவை, 3 சதவீதத்துக்கு மேல் லீன் ஆகிவிடுகிறது. அதனால் நீங்கள் ஓட்டப்போகும் நாட்களில் மிகக் குளிரான காலைக்குத்தான் ஜெட் வைக்க வேண்டும். மதியத்தில் கொஞ்சம் ரிச்சாக ஓடினால் பாதகமில்லை.

ஜெட் எண்ணையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 80 என்பது 0.080 அங்குலத் துளை என்றால், 76-க்குப் போனதில் எண் நான்குதான் குறைந்தது, துளையின் பரப்போ கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கிவிட்டது. ஒரே தாவலில் அவ்வளவு தூரம் யாரும் போகக்கூடாது. வேறு கார்புரேட்டர்களில் எண்ணுக்கு அர்த்தமே வேறு. அதனால் நண்பர் சொன்ன எண்ணைக் கேட்டு மாற்றாதீர்கள். ஊசியோ டிரில் பிட்டோ விட்டு ஜெட்டைக் குடைவதும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். இரண்டாவது மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை. கம்ப்ரஷன் சரியாக இருந்தாலும் பிளக் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் தலையைப் பாருங்கள், ஓரத்தில் அரிப்பு தெரிகிறதா என்று.

பிறகு யோசிக்க வேண்டிய கேள்வி: ஐந்து நன்றாக இருக்க, இரண்டாவது மட்டும் ஏன்? ஆறிலும் ஒரே ஜெட். அப்படியென்றால் 76 மட்டும் காரணமில்லை, அந்தச் சிலிண்டருக்கென்று ஒரு குறை ஏற்கெனவே இருந்திருக்கிறது. 80 அதை மூடி வைத்திருந்தது, 76 வெளியே காட்டிவிட்டது. அதன் ஜெட்டில் தூசி இருக்கலாம். அந்தக் கார்புரேட்டரின் மிதவை மட்டம் தாழ்ந்திருக்கலாம். ரீட் பிளாக் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) கேஸ்கெட் வழியாகத் திருட்டுக் காற்று புகலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோல் வரும் வழியையும் விடாதீர்கள். 80-ஐத் திரும்பப் போட்டு ஓட்டும்போது ஃபுல் வேகத்தில் என்ஜின் தளர்ந்தால், கூட இருப்பவர் பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கட்டும். உடனே தேறினால் ஜெட்டில் குறையில்லை. டேங்க், ஹோஸ், ஃபில்டர், பம்பு, இவற்றில் எங்கோ அடைப்பு. பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம்.

எல்லாம் சரியான பிறகு, ஆறிலும் 80-ஐத் திரும்பப் போட்டு, புதுப் பிளக்கோடு தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். ஃபுல் த்ராட்டிலில் நேராகக் கொஞ்ச தூரம் பிடித்து, அதே வேகத்தில் இக்னிஷனை அணைத்து, வேகம் விழும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். மெல்ல ஸ்லோவுக்குக் கொண்டுவந்து அணைத்தால் பிளக்கில் தெரிவது ஸ்லோவின் நிறம். லைஃப் ஜாக்கெட்டும், இழுபட்டால் என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறும் உடம்பில் இருக்கட்டும். படகு சட்டென்று அமரும்போது பின்னால் வரும் அலை ஏறி வரும், கூட வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிளக்கின் நுனி நிறத்தை நம்பாதீர்கள். பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேரும் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மெல்லிய புகை வளையம் தெரிய வேண்டும். நான் அதைவிடவும் நம்புவது பிஸ்டன் தலையை. பெட்ரோல் உள்ளே வரும் போர்ட்டுகளின் ஓரமாக கார்பன் கழுவப்பட்டு, பளிச்சென்று சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். திட்டே இல்லையென்றால் லீன். பாதித் தலை கழுவியிருந்தால் ரிச். ஆறு பிஸ்டனையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஒரு படி இறங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: லீவரைத் தள்ளியதும் கார்புரேட்டர் வழியாக ‘புஸ்’ என்று தும்முகிறது. ஸ்லோ ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது?

பதில்: தும்மல் லீனின் அடையாளம். எந்தப் பக்கம் என்பது ஸ்க்ரூ எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. த்ராட்டில் தகட்டுக்கு என்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் ரிச். காற்று நுழையும் வாய்ப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் காற்று ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் ரிச். மேனுவலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். என்ஜின் சூடான பிறகு, படகு தண்ணீரில் இருக்க, கியரில் போட்டு, எட்டில் ஒரு சுற்றாகத் திருப்புங்கள். கரையில் தண்ணீர் ஹோஸ் மாட்டி வைத்த செட்டிங் தண்ணீரில் நிற்காது. இறுக்கி முறுக்காதீர்கள், ஊசி முனையில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்த அளவும் சரிவராது. இரண்டு நாள் திருப்பியும் தும்மல் நிற்கவில்லையென்றால் ரீட் இதழ் உடைந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பெட்ரோலில் 50-க்கு 1 என்று கலந்த ஆயிலைப் பாதுகாப்புக்காக 25-க்கு 1 ஆக்கினேன். ஜெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆயில் கூடினால் மிக்சர் ரிச் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் இடம் பிடித்தால் பெட்ரோல் குறையும். நீங்கள் செய்த மாற்றத்தில் சுமார் 2 சதவீதம் லீன் ஆகிவிட்டது. ஜெட் விளிம்பில் இருந்தால் அதுவே போதும், ஒரு படி பெரிய ஜெட் போட்டுப் பிளக்கைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறினாலும் இதேதான்: 10 சதவீத எத்தனாலில் 14.7 என்ற கணக்கு சுமார் 14.1 ஆகிறது, அதே ஜெட் லீன் ஆகிவிடும்.