குடல்வாலில் மியூக்கோசீல் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது, வலி இல்லை. லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, எடுக்கலாமா?

எடுக்கலாம். என் அம்மாவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் துளை சின்னதா, தழும்பு தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். அது உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும், அதுதான் முக்கியம்.

எங்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். அம்மாவுக்கு வலது அடிவயிற்றில் லேசான கனம் மட்டும்தான். வாயு என்று நினைத்து ஆறு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தார். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது குடல்வால் வீங்கியிருப்பது தெரிந்தது. புதுச்சேரியில் சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு மியூக்கோசீல் என்றார்கள். உள்ளே கோழை மாதிரி சேர்ந்து குடல்வால் பலூன் போல உப்பிவிடுகிறது. குடல்வாலை எடுத்துக்கொள்கிறவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இது இருக்குமாம்.

வலி இல்லையே என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சிலருக்கு அந்தச் சுவரிலேயே கட்டி வளர்ந்திருக்கும். உடைந்தால் அந்தச் செல்கள் கோழையோடு வயிற்றுக்குள் பரவி, நாளாக நாளாக வயிறே கோழையால் நிறைந்துவிடும். சூடோமிக்சோமா பெரிட்டோனி என்பார்கள். அதற்குச் செய்கிற அறுவை சிகிச்சை மிகப் பெரியது.

எங்கள் டாக்டர் முதல் நாளே அம்மாவிடம் விளக்கினார். குடல்வாலைக் கருவியால் நேராகப் பிடிக்க மாட்டாராம், அதை ஒட்டியிருக்கும் கொழுப்பு மடிப்பைத்தான் பிடிப்பாராம். அடியில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டுத்தான் வெளியே எடுப்பாராம். "எங்கேயாவது ஒட்டிக்கொண்டு உடையும் போலிருந்தால் வயிற்றைத் திறந்துவிடுவேன். சம்மதமாம்மா?" என்றார். "சின்னத் துளைக்கு ஆசைப்பட்டுப் பெரிய வம்பு வேண்டாம், திறந்துடுங்க" என்றார் அம்மா. எனக்கு அந்த இடத்தில்தான் பயம் விட்டது. கடைசியில் திறக்க வேண்டி வரவில்லை. மூன்று துளை, மூன்றாம் நாள் வீடு.

உங்கள் டாக்டரிடமும் இதைக் கேளுங்கள்: பையில் போட்டு எடுப்பீர்களா, தேவைப்பட்டால் திறப்பீர்களா? கேட்டால் கோபப்பட மாட்டார்கள். பெருங்குடலிலும் கூடவே கட்டி இருக்கக்கூடும் என்பதால் அம்மாவுக்குக் கொலனோஸ்கோப்பியும் செய்தார்கள்.

தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பயாப்சி முடிவைக் கையில் வாங்குங்கள். வெட்டிய ஓரத்தில் கட்டியின் செல்கள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு அறுவை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். அம்மாவுக்கு ஓரம் சுத்தமாக இருந்தது, தீவிரமில்லாத வகை என்றார்கள். இப்போதும் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறேன்.

உங்கள் சி.டி.யில் குடல்வாலின் அகலம் எத்தனை மி.மீ. என்று போட்டிருக்கிறது? 15-ஐத் தாண்டினாலே மியூக்கோசீலாக இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள். அம்மாவுக்கு 22 இருந்தது.