விற்கமாட்டேன் என்பது வேறு, விற்கவிடமாட்டேன் என்பது வேறு

கேள்வி: கியூபாவில் மின்சாரம் இல்லை என்று செய்தி வரும்போதெல்லாம் அமெரிக்கத் தடையைத்தான் குறை சொல்கிறார்கள். எண்ணெய் விற்பதும் விற்காததும் அமெரிக்காவின் உரிமை. உலகத்தில் வேறு நாடா இல்லை, போய் வாங்க வேண்டியதுதானே? நிர்வாகத் தோல்விக்கு இது சாக்கு இல்லையா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அமெரிக்கா தன் எண்ணெயைத் தரவில்லை என்று யாரும் புகார் சொல்லவில்லை. அடுத்தவன் எண்ணெயும் போய்ச் சேராதபடி வழிமறிக்கிறது, அதுதான் புகார். 1992ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்துக்குப் போன கப்பல், எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், தனி அனுமதி இல்லாமல் 180 நாட்களுக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத தீவுக்காக எந்தக் கப்பல் முதலாளி அவ்வளவு பெரிய சந்தையை இழப்பார்? துணிந்து வருகிறவரும் கூடுதல் வாடகை கேட்கிறார். 2019ல் வெனிசுலாவிலிருந்து கியூபாவுக்கு எண்ணெய் ஏற்றிய கப்பல்களையே பெயர் குறிப்பிட்டுத் தடைப்பட்டியலில் போட்டார்கள். 2021 ஜனவரியில் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு என்று மறுபடி முத்திரை குத்தினார்கள். அதற்குப் பிறகு பல வெளிநாட்டு வங்கிகள் கியூபாவின் பணத்தைத் தொடவே அஞ்சுகின்றன. கையில் காசு இருந்தாலும் கட்ட வழியில்லை.

வேறு நாட்டிடம் அவர்கள் வாங்காமலும் இல்லை. 1960ல் சோவியத் கச்சா எண்ணெய் வந்தது. அங்கிருந்த எஸ்ஸோ, டெக்சாகோ, ஷெல் என்ற வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் ஆலைகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபத் தலைவர் காஸ்ட்ரோ ஆலைகளை நாட்டுடைமை ஆக்க, அமெரிக்கா கியூபச் சர்க்கரைக் கொள்முதலை நிறுத்தியது. 1962ல் கென்னடி முழுத் தடையே விதித்தார். இது நமக்குத் தூரத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மிரட்டலால் 2019ல் ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை இந்தியாவே நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக அமெரிக்கா போகும் இந்தியப் பொருட்கள்மேல் 25 சதவீதம் கூடுதல் வரி விழுந்தது. அடி வாங்கியது திருப்பூர்.

நிர்வாகத்தில் தவறு இல்லையா என்றால், இருக்கிறது. உள்நாட்டில் கிடைக்கும் எண்ணெய் கெட்டியானது, கந்தகம் மிகுந்தது. எரிக்க எரிக்க அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களை அரிக்கிறது. அப்படிப்பட்ட பழைய நிலையங்களைப் பழுதுபார்க்க வேண்டிய பணத்தை அரசு ஆண்டுக்கணக்காகச் சுற்றுலா ஹோட்டல் கட்டுவதில் கொட்டியது. மத்தான்சாஸ் நகரின் அன்டோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் 2024 அக்டோபர் 18 அன்று பழுதாகி நின்றது. நாடு முழுவதும் இருட்டானது. அதன்பின் ஓராண்டுக்குள் மீண்டும் மீண்டும் அதே கதி. 2021 ஜூலையில் மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் தாளாமல் தெருவுக்கு வந்த மக்களை அந்த அரசு நூற்றுக்கணக்கில் சிறையில் தள்ளியது. இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அடி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். 2006ல் 'எரிசக்திப் புரட்சி' என்று சொல்லி வீடுதோறும் மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துவிட்டு, கரண்ட் அடுப்பும் ரைஸ் குக்கரும் கொடுத்தார்கள். இன்று கரண்ட் போனால் அந்த வீட்டில் உலையும் வைக்க முடியாது, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் வராது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் வீட்டுப் பெண் எழுந்துவிட வேண்டும். அரிசி வேக வேண்டும், வாளிகள் நிரம்ப வேண்டும், துணி துவைக்க வேண்டும், போனில் சார்ஜ் ஏற வேண்டும், எல்லாம் மறுபடி போவதற்குள். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். இந்தத் தடையால் தூக்கம் கெட்ட அமைச்சர் ஒருவரையாவது காட்டுங்கள். ஆட்சியை மாற்றத்தான் தடை என்றார்கள். அறுபது ஆண்டு கடந்தும் ஆட்சி அப்படியே இருக்கிறது. 2021க்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தான் நாட்டை விட்டுப் போனார்கள்.

2024ல் ஐ.நா. பொதுச்சபையில் தடைக்கு எதிராக 187 நாடுகள் வாக்களித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. அந்தத் தீர்மானத்தை எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. வாக்களித்ததோடு டெல்லி கையைத் துடைத்துக்கொள்ளக் கூடாது. சீனா அங்கே சூரிய மின்நிலையங்கள் அமைக்க உதவுகிறது. சூரிய மின்தகடுகள் நம்மிடமும் இருக்கின்றன, மருந்தும் இருக்கிறது. அனுப்பச் சொல்லி நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.