வாசகர் கேள்வி – பதில்: பேசாமல் பழகிய முகங்கள்

கேள்வி: நான் பேருந்துக்காகக் காத்திருக்கும் நிறுத்தத்துக்குத் தினமும் ஒரு பெரியவர் வருவார். நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. சில வாரங்களாக அவரைக் காணவில்லை. உறவுமில்லை, நட்புமில்லை, ஆனாலும் கண்கள் அவரையே தேடுகின்றன. இது வீண் மனச்சுமையா?

பதில்: வீண் என்று நான் கருதவில்லை. நீங்கள் அவரோடு பேசவில்லையே தவிர, பழகித்தான் இருக்கிறீர்கள். அவர் எந்தத் தூணின் ஓரமாக நிற்பார், பையை எந்தத் தோளில் மாட்டியிருப்பார், பேருந்து தாமதமானால் எப்படிக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்; அவருடைய உறவினர் பலர் அறியாத செய்திகள் இவை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1972-இல் வெளியான ஒரு கட்டுரையில், இப்படிப்பட்டவர்களைப் ‘பழகிய அந்நியர்’ என்று குறிப்பிட்டார். அவருடைய மாணவர்கள் ரயில் நடைமேடையில் காத்திருந்தவர்களைப் படமெடுத்து, முகங்களுக்கு எண் இட்டு, பின்னர் அதே நிலையத்துப் பயணிகளிடம் காட்டிக் கேட்டபோது, பேசிப் பழகியவர்களைவிட, முகம் மட்டும் தெரிந்தவர்களே அதிகமாக இருந்தார்கள். அந்த முகங்களுக்கு உரியவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று அடிக்கடி யோசிப்பதாகவும் பலர் சொன்னார்கள். ஆக, உங்கள் மனம் செய்வது புதிதன்று.

மில்கிராம் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஆண்டுக்கணக்கில் பேசாத இருவர், வழக்கமான இடத்தை விட்டுத் தொலைதூரத்தில் எதிர்பாராமல் சந்தித்தால், பேசிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் இருவருக்கும் நடுவே இருந்த தடை மனத்தில் இல்லை, அந்த இடத்தின் பழக்கத்தில்தான் இருந்தது. அவர் பணி ஓய்வு பெற்றிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். கெட்டதை முதலில் நினைக்க வேண்டாம். அங்கே வழக்கமாக நிற்கும் வேறொருவரிடம் விசாரித்துப் பாருங்கள். அவர் திரும்பி வந்தால், “கொஞ்ச நாளாக உங்களைக் காணோமே” என்று கேட்டுவிடுங்கள். தம்முடைய இல்லாமையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அறிவது, வயதான மனிதருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர் எனக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “கொஞ்சம் கண்ணயருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது அவருடைய முகவரி கிடைத்திருக்கிறது. இத்தனை காலம் கழித்து எழுதினால் விசித்திரமாக நினைக்கமாட்டாரா?

பதில்: எழுதிவிடுங்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி அஞ்சினார்கள். பெற்றவர்களோ, எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். எழுதுபவர் தம் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்படுகிறார். பெறுபவர் அதில் உள்ள அன்பைத்தான் பார்க்கிறார். எனவே நடைக்காகத் தயங்க வேண்டாம். ‘தங்கள் உதவியை மறக்க இயலாது’ என்பது யாரும் யாருக்கும் எழுதக்கூடிய வாக்கியம். அந்த நாற்காலியை எழுதுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். அதன்பின் நீங்கள் உறங்கினீர்களா என்பதையும் எழுதுங்கள். அவருக்கு அந்த இரவு நினைவில் இல்லாமலும் போகலாம். பலருக்கும் அவர் அப்படியே செய்து வந்திருப்பார் என்பதற்கு அதுவே சான்று. பதில் வரவேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இத்தகைய அனுபவங்களை நாட்குறிப்பில் எழுதுகிறேன். பிறகு படித்தால் உயிரற்று இருக்கின்றனவே?

பதில்: நீங்கள் நிகழ்ச்சியை விட்டுவிட்டு அதன் கருத்தை மட்டும் எழுதுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். ‘மனிதநேயம் இன்னும் சாகவில்லை’ என்ற வரியிலிருந்து எந்த முகமும் எழுந்து வராது. எதிரில் இருந்தவர் என்ன சொன்னார், சொல்லும்போது அவர் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அன்றிரவே குறித்துவிடுங்கள். மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நிகழ்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மீதே சோதனை செய்து 1885-இலேயே காட்டினார். அந்த நிகழ்ச்சி உங்களுக்கு உணர்த்தியது என்ன என்று எழுதுவதற்குக் கீழே சிறிது இடம் விட்டு வைத்தால் போதும். அதைச் சில மாதங்கள் கழித்துக்கூட நிரப்பிக்கொள்ளலாம்.