முன்வரிசை பாஸ்

கேள்வி: ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, எந்தப் பத்திரிகையிலும் சேராமல் தனியாக இசை விமர்சகர் ஆகிவிடலாம் என்று பார்க்கிறேன். புது ஆல்பங்கள், டிசம்பர் கச்சேரிகள் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா? விமர்சகர்களுக்கு முன்வரிசை பாஸ் உண்டாமே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கடைசியில் கேட்டதுதான் உங்கள் நிஜக் கேள்வி. உண்டு, சார். ஆனால் அந்த பாஸை வாங்கிக்கொண்டு எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இடப்பக்கம் பாடகியின் அம்மா. வலப்பக்கம் அன்றைய கச்சேரிக்கு ஸ்பான்சர். பின்னால் குரு. மேடையிலிருந்து பாடகியே உங்களைப் பார்த்து ஒரு புன்னகை. இத்தனை பேருக்கு நடுவில் நோட்டைத் திறந்து ‘சுருதி சேரவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். பேனா தானாகவே ‘சுருதி சுத்தம்’ என்று எழுதும். மிருதங்கக்காரர் தனியாக வாசித்துக் காட்டும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஸ்பான்சர் எழுந்து கேன்டீனுக்குப் போவார், போகிற போக்கில் உங்களையும் கூப்பிடுவார். மறுநாள் பேப்பரில் ‘மிருதங்கம் பக்கபலமாக இருந்தது’ என்று ஒரே வரி வந்தால், விமர்சகர் அப்போது அடை அவியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

ஒரு சபா செயலாளர் என் மேல் கோபித்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்கத் தூணுக்குப் பின்னால் ஸீட் கொடுத்தார். முகபாவம், பட்டுப்புடவை, பொன்னாடை எதுவும் தெரியாது. பாட்டு மட்டும் கேட்டது. அவருக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் மறுபடி முன்வரிசைக்கு மாற்றிவிடுவார்.

சரி, பிழைப்பு. பயமில்லாமல் எழுதியவர்களைப் பாருங்கள், சம்பளம் வேறெங்கிருந்தோ வந்திருக்கும். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் வித்வான்களைக் கலங்கடித்த கல்கி, விகடனில் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர். சுப்புடு டெல்லியில் மத்திய அரசு உத்தியோகஸ்தர். அதோடு, உலகப்போர் சமயத்தில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். சபா செயலாளர் முறைத்தால் அவருக்கு என்ன வந்தது? அமெரிக்காவில் லெஸ்டர் பேங்ஸ் என்று ஒருவர் உங்களைப் போலவே தனியாக எழுதினார். இசைக்கலைஞர்களிடம் மரியாதை இல்லை என்று சொல்லி 1973-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அவரை நிறுத்திவிட்டது. அதனால் ராஜினாமா கடிதத்தை மடித்து உள்ளே வையுங்கள்.

ஆல்பம் விமர்சனமா? கேசட் காலத்தில், காசு போட்டு வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. இப்போது நீங்கள் எழுதி முடிப்பதற்குள் வாசகர் யூடியூபில் இரண்டு முறை கேட்டுவிட்டு, கீழே உங்களைவிட நன்றாகவே திட்டியிருப்பார். பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வைத்து ஆல்பங்களுக்கு மார்க் போட்ட அமெரிக்க இசை விமர்சன இணையதளம் ‘பிட்ச்ஃபோர்க்’கையே 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஃபேஷன் பத்திரிகை ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். இனிமேல் பாட்டுக்கும் கோட்டுக்கும் ஒரே இடத்தில் மார்க்.

ஆசை விடவில்லை என்றால், லீவு போட்டுவிட்டு டிசம்பரில் மத்தியானக் கச்சேரிகளுக்குப் போங்கள். பெரும்பாலும் இலவசம், பாஸே வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்துத் தோடி ராகம் பாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி நாலு வரி எழுத ஆளே இல்லை.

அப்புறம், எனக்காக ஒன்று. மைக்செட்காரரைப் பற்றியும் எழுதுங்கள். பாடகர் ஆலாபனை நடுவில் விரலை மேலே காட்டிக்கொண்டே இருக்கிறாரே, அது சங்கதிக்கு அபிநயம் இல்லை, ‘வால்யூம் ஏத்து’ என்று அர்த்தம். மைக்செட்காரர் ஏற்றுவார். உடனே மிருதங்கக்காரரும் விரலைக் காட்டுவார். அதையும் ஏற்றுவார். அரைமணியில் வயலின் காணாமல் போகும். மறுநாள் நம் ஆள் எழுதுவார்: ‘வயலின் அடக்கமாக வாசித்தது.’