கடையில் ‘எல்லாம் போட்டாச்சு’ என்று கொடுத்த லேப்டாப்பை அப்படியே பயன்படுத்தலாமா? தேவையான சாஃப்ட்வேரை எங்கிருந்து இறக்குவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: சென்னை ரிச்சி தெருவில் அப்பாவுக்கு வாங்கிய லேப்டாப். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியது கடிதம், வீடியோ, தமிழ் டைப்பிங், கொஞ்சம் நெட் பேங்கிங்.

அந்தக் கடைசி வேலை இருப்பதால், புதிதாக எதையும் போடும் முன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் சரி. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் உஷாராகுங்கள். வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? அது கேஎம்எஸ் முறை. பெரிய அலுவலகங்களுக்காக வைத்தது, அலுவலக சர்வரைக் கேட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், புதுப்பிக்காவிட்டால் 180 நாளில் காலாவதி. காசு கொடுக்காமல் ஓட வைக்கக் கிராக் போடுகிறவர்கள் அந்த சர்வர் மாதிரியே நடிக்கும் ஒரு குட்டி புரோகிராமை உள்ளே உட்கார வைக்கிறார்கள்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும் என்பதால் இன்னொரு காரியமும் செய்வார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், அதற்குள் எது வந்து குடியேறினாலும் டிஃபெண்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, காலியான 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பென்டிரைவிலும் லேப்டாப்பிலும் இருப்பது அழிந்துவிடும், வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். கம்பெனியே விண்டோஸோடு விற்ற லேப்டாப் என்றால் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் விண்டோஸின் ஹோம் எடிஷனுக்கு வந்த கீயில் ப்ரோ எடிஷன் ஆக்டிவேட் ஆகாது. நிறைய பேர் இங்கேதான் இடறுகிறார்கள்.

இனி என்ன போடுவது? பிடிஎஃப் படிக்க எட்ஜ் பிரவுசரே போதும். வீடியோவுக்கு விஎல்சி. கடிதத்துக்கு லிப்ரே ஆபீஸ், காசு கிடையாது. இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம், அப்பாவுக்கு வசதி. அது இயல்பாக ஓடிடி (.odt) என்ற தன் சொந்த வகை ஃபைலாகச் சேமிக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அதைக் கொண்டுபோனால் எழுத்தும் பத்தியும் இடம் மாறக்கூடும். பிரின்டுக்கு எப்போதும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து எடுத்துப் போங்கள்.

எதைப் போடுகிறோம் என்பதைவிட எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் ஆபத்து. கூகுளில் தேடினால் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வருவது விளம்பரம், போலித் தளங்கள் அங்கே காசு கொடுத்தும் நுழைகின்றன. விஎல்சியின் சொந்த வீடு விடியோலேன் டாட் ஆர்க். 2022-இல் சில மாதங்கள் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில் திறந்துவிட்டார்கள். அதற்குள் கண்ட கண்ட தளத்திலிருந்து இறக்கும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. முகவரி நினைவில்லை என்றால் அந்த சாஃப்ட்வேரின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறங்கள், வலப்பக்கப் பெட்டியில் அதிகாரபூர்வ தளத்துக்கு லிங்க் இருக்கும்.

இறக்கியதை டபுள் கிளிக் செய்ததும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரமாக ‘யெஸ்’ அமுக்காமல் பப்ளிஷர் பெயரைப் படியுங்கள். விஎல்சிக்கு விடியோலேன் என்று இருக்க வேண்டும். மஞ்சள் பட்டையோடு ‘அன்நோன்’ என்று வந்தால், அந்த ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்து இல்லை. எல்லாமே திருட்டு என்று அர்த்தமில்லை, செவன் ஜிப் மாதிரி நல்ல சாஃப்ட்வேரும் அப்படி வரும். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த இன்ஸ்டாலரை ஏற்றுங்கள். எழுபது சொச்சம் ஸ்கேனர்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தப்பான எச்சரிக்கையாக இருக்கலாம். பத்துப் பதினைந்து காட்டினால் டிலீட் செய்யுங்கள். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், மற்றவர்களும் பார்க்க வாய்ப்புண்டு.

தமிழ் டைப்பிங்குக்கு எதையும் இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய் தமிழைச் சேர்த்து, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் கீபோர்டாகத் தமிழ் 99-ஐயோ ஃபொனடிக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும் அமுக்கினால் மொழி மாறும். அப்பாவின் பழைய ஃபைலைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அது பாமினி மாதிரி, இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொண்டால் படிக்கலாம்.