பதினேழு வயதில் பிராந்திய ராணுவத்தை நம்பலாமா?

கேட்டிருப்பவர் பாம்பனைச் சேர்ந்த மாணவர். வயது 17, பிளஸ் டூ படிக்கிறார், அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். 'டெரிட்டோரியல் ஆர்மி என்கிற பிராந்திய ராணுவத்தில் சேர்ந்தால் வாழ்க்கைக்கு வழி கிடைக்குமா, வீட்டில் எப்படிச் சொல்வது' என்பது கேள்வி.

தம்பி, நான் மண்டபத்துக்காரன். படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். 2003 முதல் பத்து ஆண்டுகள் பிராந்திய ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவன். உன் கேள்விக்குக் கீழே, 'அதெல்லாம் அரை ராணுவம், நேரத்தை வீணாக்காதே' என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. காஷ்மீரில் பனியில் நான் காவல் நின்ற இரவுகளில் அரை நேரம் மட்டும் குளிரவில்லை. எங்களோடு நின்ற முழுநேரச் சிப்பாய்க்கும் எனக்கும் ஒரே உடுப்பு, ஒரே துப்பாக்கி, ஒரே உத்தரவு.

ஆனாலும் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டியது வேறு. இது வேலை இல்லை. நீ வேலை என்று நினைத்துக் கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தலைமை ஆளுநராக இருந்தபோது தொடங்கி வைத்த படை இது. ஏற்கெனவே ஒரு பிழைப்பு உள்ளவன், அதை விட்டுவிடாமல், நாட்டுக்குத் தேவைப்படும்போது வந்து நிற்பதுதான் இதன் அடிப்படை. ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி முகாம் நடக்கும். பணிக்கு அழைத்தால் அழைத்த காலம் முழுவதும் ராணுவம். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. முகாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சம்பளமும் நின்றுவிடும். 18 வயது முதல் 42 வயது வரை சேரலாம் என்பதால் உனக்கு எந்த அவசரமும் இல்லை. இந்த ஆண்டு விட்டால் போயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதே. மோகன்லாலும் தோனியும் இந்த உடுப்பில் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பாய். அவர்களுக்கு அளித்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. நீயும் நானும் போகும் வரிசை வேறு. அதிகாரியாகப் போக வேண்டும் என்றால் பட்டமும் வேண்டும், சொந்த வருமானமும் வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் முதலில் வழக்கமான ராணுவ ஆள்சேர்ப்புக்குத்தான் போனேன். ஓட்டத்தில் தோற்றேன். கடற்கரை மணலில் ஓடிப் பழகியவனுக்கு இறுகிய தரையில் வேகம் பிடிபடவில்லை. தோற்ற மறுவாரமே ஒருவர் வீடு தேடி வந்தார். 'எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, பையனை எடுத்துவிடலாம்' என்றார். அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பதினைந்தாயிரம் கொடுத்தார். அந்த மனிதரை அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. தோட்டையும் மீட்கவில்லை. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அம்மாவின் வெறும் காதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். ஓட்டத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் எந்தக் கட்டணமும் கிடையாது. பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும், உறவுக்காரனாக இருந்தாலும், திருடன்தான்.

பிறகு பரமக்குடி ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிராந்திய ராணுவத்துக்கு ஆள் எடுப்பது தெரிய வந்தது. பிழைப்புக்குச் சான்று கேட்டார்கள். பட்டறை முதலாளி ஒரு கடிதம் தரமாட்டேன் என்றுவிட்டார். எழுதிக் கொடுத்தால் பி.எஃப். கட்ட வேண்டி வரும் என்ற பயம் அவருக்கு. நான் சுயதொழில் செய்கிறவன் என்று தாலுகா அலுவலகத்தில் நான்கு நாள் அலைந்து வருமானச் சான்று வாங்கினேன். அந்தக் காகிதம் என்னைப் படைக்குள் சேர்த்தது. பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அதே காகிதம்தான்.

பணிக்கு அழைக்கப்பட்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பியபோது பட்டறையில் என் இடத்தில் வேறு பையன் இருந்தான். படைக்குப் போய் வந்தவனை முதலாளி திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்து என்ன செய்ய? நான் அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நான்தான் சுயதொழில்காரன் ஆயிற்றே. ஸ்பேனர் பெட்டியோடு படகுத்துறையில் நின்று, படகு படகாக ஏறி வேலை கேட்டேன். கையில் தொழில் இருந்ததால் பிழைத்தேன். என்னோடு வந்தவர்களில் தொழில் கற்காதவர்கள் முகாம் முடியும் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கினார்கள்.

ஓய்வூதியத்தையும் சொல்லிவிட வேண்டும். சிப்பாய்க்கு, பணியில் இருந்த காலம் மட்டுமே கூட்டிப் பதினைந்து ஆண்டு வந்தால்தான் ஓய்வூதியம். எனக்குப் பத்து ஆண்டில் அப்படி வந்தது ஆறு ஆண்டும் சில மாதங்களும். ஆகவே ஓய்வூதியம் இல்லை. சட்டப்படி நான் 'முன்னாள் ராணுவத்தினர்' என்ற கணக்கிலும் வரமாட்டேன். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டுக் கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, 'இதெல்லாம் செல்லாது' என்றார். விதி அவர் பக்கம்தான். ஆனால் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

இதைப் படித்துவிட்டு, ராணுவத்தைக் குறை சொல்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு நாள்கூட நான் போனதற்காக வருந்தியதில்லை. மலையாளியும் கன்னடனும் ஆந்திரக்காரனும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட இடம் அது. மணி அடித்தால் எழுவது, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நிற்பது, பயத்தை முகத்தில் காட்டாமல் இருப்பது எல்லாம் எனக்கு அங்கே வந்தவை.

ஒன்றை மட்டும் அங்கே என்னால் பொறுக்க முடியவில்லை. நான் ராமநாதபுரம் என்று சொன்னவுடன் நம் தமிழ்நாட்டுப் பையன்களே, 'ஓ, தண்ணியில்லாக் காடா' என்பார்கள். அதிகாரியைத் தண்டிக்க வேண்டுமா, ராமநாதபுரத்துக்கு மாற்று என்று எத்தனை காலமாகப் பேசுகிறார்கள்! தண்டனையாக வருகிறவர் எங்களுக்கு என்ன செய்வார்? வந்த அன்றே திரும்பிப் போக மனுப் போடுவார். நான்கு குடம் வைத்த தள்ளுவண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு என் அம்மா நல்ல தண்ணீருக்கு நடந்ததை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகும் பல தெருக்களில் அந்த வண்டி ஓய்ந்தபாடில்லை. நாட்டுக்காகப் பனியில் நிற்பவனின் ஊர், நாட்டின் தண்டனைக் கொட்டடியா? கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான். ஆனால் நீ போனால் உன்னிடமும் இதைச் சொல்வார்கள். தலை குனியாதே.

இனி உன் உடம்பு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடும் அளவுக்குப் பழகு. மணலில் மட்டும் ஓடாதே. காலை ஐந்து மணிக்குத் தார்ச்சாலை ஓரத்திலோ பள்ளி மைதானத்திலோ ஷூ போட்டு ஓடு. மார்பு 77 செ.மீ. இருந்து, மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். நீச்சல் பழகிய பையனுக்கு அது கடினம் இல்லை. காது முக்கியம். என் மாமா மகன் எங்களில் யாரையும் விட வேகமாக ஓடுவான். சிறுவயதிலேயே சங்கு குளிக்கப் போய் ஒரு காதின் சவ்வு கிழிந்திருந்தது அவனுக்கே தெரியாது. மருத்துவப் பரிசோதனையில் டார்ச் அடித்துப் பார்த்த ஒரு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ முங்குகிறவன் என்றால் இப்போதே அரசு மருத்துவமனையில் காதைக் காட்டு. விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் ஆற்றிவிடு.

அக்னிவீரர் திட்டத்துக்குப் பதினேழரை வயதிலேயே விண்ணப்பிக்கலாமே என்று கேட்பாய். போகலாம். நான்கு ஆண்டுகள், அதன் பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்ற எழுபத்தைந்து பேரில் ஒருவனாக 22 வயதில் பாம்பனில் வந்து இறங்கினால் கையில் என்ன தொழில் இருக்கும் என்று முதலில் யோசி. எதில் சேர்வதாக இருந்தாலும் பிளஸ் டூவை முடி, ஒரு தொழிலை முழுதாகக் கற்றுக்கொள். எங்கே வேலை பார்த்தாலும் உன் பெயர் எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்கி வை. என்னைப் போல் விட்டுவிடாதே.

கடைசியாக, அப்பாவிடம் சொல்வது. மறுநாள் படகு இறங்கப் போகிறது என்ற இரவில் சொல்லாதே. நான் அப்படித்தான் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் விடிகாலையில் கடலுக்குப் போய்விட்டார். அன்று இரவு முழுவதும் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். உனக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வருகிறது. அப்பா கரையில்தான் இருப்பார். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நீயும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சொல். முதல் நாள் திட்டுவார். மறுநாளும் வலை இருக்கும், போய் உட்கார்.