எட்டு மெட்டுகளை 2 லட்சத்துக்கு விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையில் ஜாஸ் பியானோ வாசிக்கிறேன். ஹோட்டல் நிகழ்ச்சிகள், வகுப்புகள் என்று மாதம் 35 முதல் 60 ஆயிரம் வரை வருகிறது. 14% வட்டியில் 1.8 லட்சம் பர்சனல் லோன் பாக்கி. 7% வட்டியில் 3 லட்சம் எஃப்டி இருக்கிறது. நான் அமைத்த எட்டு மெட்டுகளின் முழு உரிமைக்கு ஒரு நிறுவனம் 2 லட்சம் தருகிறது. விற்றுக் கடனை அடைக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: விற்காதீர்கள். கடனை அடைக்க உங்களிடமே பணம் இருக்கிறது. 7% வாங்கிக்கொண்டு 14% கட்டுவது நஷ்டம். எஃப்டியை இடையில் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், லோனை முன்கூட்டி முடிக்கவும் கட்டணம் இருக்கலாம். இரண்டையும் வங்கியில் கேட்டுவிட்டு அடைத்துவிடுங்கள். மீதியைத் தொடாதீர்கள், நிகழ்ச்சி குறையும் மாதங்களுக்கு வேண்டும். இதுவரை கட்டிவந்த தவணைத் தொகையையும் மாதாமாதம் அதிலேயே சேருங்கள்.

சரி, மெட்டுகளுக்கு வருவோம். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1962-ல், 22 வயதில், ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். பப்ளிஷிங் உரிமையை, அதாவது மெட்டின் ராயல்டி வரும் உரிமையை மட்டும் விட்டுவிடாதே என்று மூத்த ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் முன்பே எச்சரித்திருந்தார். நிறுவனம் கேட்டது, ஹான்காக் கொடுக்கவில்லை. ஆல்பமே கைவிட்டுப் போகலாம் என்ற நிலையிலும் உறுதியாக நின்றார், கடைசியில் நிறுவனம்தான் இறங்கி வந்தது. அதிலிருந்த 'வாட்டர்மெலன் மேன்' மெட்டைத் தாளக் கலைஞர் மோங்கோ சாந்தமரியா வாசிக்க, 1963-ல் அது அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களில் ஒன்றானது. ராயல்டி ஹான்காக்குக்கு வந்தது. 1964-ல் அவர் வெளியிட்ட 'கேண்டலூப் ஐலண்ட்' மெட்டை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து அஸ் த்ரீ என்ற குழு ஹிப்ஹாப்பாக்கி உலகெங்கும் ஹிட் ஆக்கியது. எந்த மெட்டுக்கு எப்போது காலம் வரும் என்று போட்டவருக்கே தெரியாது. மொத்தமாக எழுதிக் கொடுப்பது எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

உங்கள் மெட்டுகளும் அப்படியே ஓடும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் நம் சட்டப்படி பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். பிள்ளைகளுக்குப் போகிற சொத்து அது. மெட்டுக்கு 25 ஆயிரம் ரொம்பக் குறைவு.

நிறுவனத்துக்கு உண்மையில் ஆர்வம் இருந்தால் மூன்று வருட லைசென்ஸ் கொடுங்கள். எதற்குப் பயன்படுத்துவார்கள், எந்தெந்த நாடுகளில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'நிரந்தரமாக' என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். அப்புறம், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் இசையமைப்பாளராகச் சேர்ந்து எட்டு மெட்டுகளையும் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள்.